அகலப் பக்கம் கீழே: பிஷப் ஜான் வில்கின்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

முயல் விரட்டப் போன இடத்தில்தான் தனக்கு வழி திறந்தது என்று பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிஷப் ஜான் வில்கின்ஸ் பிற்காலத்தில் அடிக்கடி சொல்வாராம். ஆக்ஸ்போர்டில் பட்டம் வாங்கியிருந்தார். ஆனால் கைக்குச் சொல்லும்படியாக எதுவும் வரவில்லை. வேட்டைக்கு வந்திருந்த ஒரு கனவான் பேச்சுக் கொடுத்தார். பையன் கெட்டிக்காரன் என்று தெரிந்ததும் உள்ளதைச் சொன்னார்: பல்கலைக்கழகத்திலேயே கிடந்தால் பெரிய பதவி எதுவும் தேறாது, திருச்சபைப் பதவிகளைக் கையில் வைத்திருக்கும் ஒரு பிரபுவின் வீட்டில் போய்ச் சேர். எனக்கு யாரையும் தெரியாதே என்றார் வில்கின்ஸ். நான் சிபாரிசு செய்கிறேன் என்றார் அவர், செய்தும் விட்டார். இதை எழுதி வைத்தவர் வில்கின்ஸை நேரில் அறிந்த ஜான் ஆப்ரி.

அங்கிருந்து அவர் போன தூரம் சாதாரணமில்லை. நாடாளுமன்றத்தின் கையால் ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரித் தலைமை. மன்னர் இல்லாத இடைவெளியில் நாட்டை ஆண்ட குரோம்வெல் குடும்பத்தின் கையால் கேம்பிரிட்ஜில் இன்னொன்று. கடைசியில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் கையால் செஸ்டரின் பிஷப் பதவி. இதற்கு நடுவில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் வந்தது, முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது, அவர் மகன் இரண்டாம் சார்லஸ் 1660இல் திரும்பி வந்தார், பிஷப் என்ற பதவியே நாட்டில் ஒழிக்கப்பட்டு மறுபடி வந்தது.

(ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் கத்தோலிக்கர்கள் ஆயர் என்பதைத்தான் சி.எஸ்.ஐ. சபையார் பேராயர் என்கிறார்கள். இரண்டையும் கலந்து குழப்ப வேண்டாம் என்று பிஷப் என்றே எழுதுகிறேன்.)

ஆந்தனி உட் என்ற ஆக்ஸ்போர்டு வரலாற்றாசிரியருக்கு இந்த ஏறுமுகம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிஷப் ஆட்சியை ஏற்காத பிரஸ்பிட்டேரியன்களுக்கு வளைந்துகொடுத்துக் கல்லூரி வாங்கினார், குரோம்வெல்லின் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்னொரு கல்லூரி வாங்கினார், மன்னர் திரும்பியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இனிக்க இனிக்கப் பேசி மற்றதையெல்லாம் வாங்கினார் என்பது அவர் எழுதியதன் சாரம். உட் தரும் தகவல்களில் பெரிதாகத் தப்பு கிடையாது. அவற்றிலிருந்து அவர் வருகிற முடிவுதான் எனக்கு ஒத்துவரவில்லை. காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவன் பதவி வாங்குவதைப் பார்ப்பது சுலபம். வாங்கிய பதவியை வைத்து வில்கின்ஸ் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது.

பின்னணி

1614இல் பிறந்தார். தகப்பனார் ஆக்ஸ்போர்டில் பொற்கொல்லர். மகனுக்குப் பத்துப் பதினோரு வயதிலேயே இறந்துவிட்டார். தாய்வழித் தாத்தா ஜான் டாட் திருச்சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்ற பியூரிட்டன்களில் பேர்பெற்ற போதகர். பத்துக் கட்டளைகளுக்கு உரை எழுதியதால் அந்தப் பெயரிலேயே அழைக்கப்பட்டவர். ஆக, பேரன் வளர்ந்த வீட்டில் மதம் வேடிக்கை விஷயமாக இருந்திருக்க முடியாது.

ஆனால் பேரன் 24 வயதில் போட்ட முதல் புத்தகம் நிலாவைப் பற்றியது. 1638. நிலாவும் நம்முடையதைப் போல ஓர் உலகம், அங்கே ஆட்கள் இருக்கலாம் என்று எழுதினார், பெயர் போடாமல். 1640இல் பூமியும் ஒரு கோள்தான் என்று இன்னொரு புத்தகம். ரோமில் கலிலியோவை விசாரித்துத் தண்டித்து ஏழே வருஷம் ஆகியிருந்தது. வேதம் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி பேசுகிறது, வானியல் பாடம் நடத்த வரவில்லை என்பதுதான் அவர் வைத்த முக்கிய வாதம். அதே வருஷம் முதல் புத்தகத்தின் புதிய பதிப்பில், நிலாவுக்குப் பறந்துபோக வழி உண்டா என்று ஓர் அத்தியாயத்தையும் சேர்த்தார். வழியில் தங்குவதற்கு எங்கே இடம் என்று நியூகாசில் சீமாட்டி கேட்டதாகவும், ஆகாயக் கோட்டை இத்தனை கட்டியிருக்கிறீர்களே, அதில் ஒன்றில் தங்கலாமே என்று இவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

1641இல் ரகசிய எழுத்து முறைகளைப் பற்றி, 1646இல் பிரசங்கம் செய்யும் கலையைப் பற்றி, 1648இல் நெம்புகோல், கப்பி, பறக்கும் தேர் என்று இயந்திரங்களைப் பற்றி. இத்தனை எழுதியும் ஆப்ரி அவரைப் பற்றிச் சொல்வது விசித்திரமாக இருக்கிறது: அதிகம் படித்தவரில்லை, ஆனால் ஆழமாக யோசிப்பவர். திடமான உடம்பு, அகன்ற தோள், சிரித்த முகம், வந்தவர்களை உபசரிக்கும் குணம். படிப்பாளி பிஷப் என்றால் நம் மனசில் வருகிற ஒல்லியான, புத்தகத்தில் மூக்கு நுழைத்த உருவம் இவருக்குப் பொருந்தாது.

கனவானின் யோசனைப்படி சே அண்ட் சீல் பிரபுவிடம், அப்புறம் பெர்க்லி பிரபுவிடம், கடைசியில் ஜெர்மனியின் பாலட்டினேட் இளவரசர் சார்லஸ் லூயிஸிடம் வீட்டுப் போதகராக இருந்தார். இந்த இளவரசர் மன்னருடைய மருமகன், அதாவது அக்காள் மகன். போரில் தம்பி ரூபர்ட் மாமன் பக்கம் குதிரைப்படை நடத்த, இவர் லண்டனில் நாடாளுமன்றத்தின் நிழலில் இருந்தார். வில்கின்ஸும் திருச்சபையைச் சீர்திருத்துவதாக நாடாளுமன்றத் தரப்பு எடுத்த உடன்படிக்கைப் பிரமாணத்தை எடுத்துக்கொண்டார். 1645 வாக்கில் லண்டனில் ஜான் வாலிஸ், ஜொனாதன் கொடார்ட் போன்றவர்கள் வாரம் ஒருமுறை கூடி ரத்த ஓட்டம், வியாழனின் நிலாக்கள், காற்றின் எடை என்று பேசிக்கொண்ட குழுவில் இவரும் ஒருவர்.

வாடம் கல்லூரியின் தேனீக்கள்

1648இல் நாடாளுமன்றம் அனுப்பிய விசாரணைக் குழு ஆக்ஸ்போர்டில் மன்னர் பக்கத்து ஆட்களைக் களையெடுத்தது. வாடம் கல்லூரியின் தலைவர் ஜான் பிட் வெளியேற்றப்பட்டார், அந்த நாற்காலியில் வில்கின்ஸ் உட்கார்ந்தார். அதே களையெடுப்பில் ஆல் சோல்ஸ் கல்லூரியிலிருந்து விரட்டப்பட்டவர் கில்பர்ட் ஷெல்டன். இந்தப் பெயர் பின்னால் வரும்.

வெற்றி பெற்ற தரப்பின் ஆள், எதிராளியின் நாற்காலியில். அடுத்து என்ன நடக்கும் என்று எவரும் ஊகிக்கலாம். நடந்தது வேறு. மன்னர் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வாடமுக்கு அனுப்ப ஆரம்பித்தன. உடன்படிக்கையை ஏற்க மறுத்துக் கேம்பிரிட்ஜில் வேலையை இழந்திருந்த சேத் வார்ட் 1649இல் ஆக்ஸ்போர்டின் வானியல் பேராசிரியராகி வாடமிலேயே குடியிருந்தார். மாணவராக வந்த கிறிஸ்டபர் ரென்னின் பெரியப்பா ஈலி நகர பிஷப். நாடாளுமன்றம் அவரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்து வைத்திருந்தது. வில்கின்ஸின் அறையில் கூடிய பரிசோதனைக் கூட்டத்துக்கு இவர்களும் வந்தார்கள். போரில் மன்னர் தரப்பின் ரகசியக் கடிதங்களை உடைத்துப் படித்துக் கொடுத்த வாலிஸும் வந்தார். மன்னருக்காக ஆயுதம் எடுத்த மருத்துவர் தாமஸ் வில்லிஸ், படையின் மருத்துவராக அயர்லாந்துக்குப் போன வில்லியம் பெட்டி, பிறகு ராபர்ட் பாயில், ராபர்ட் ஹூக். அரசியலும் மதமும் அந்த அறைக்குள் வரக் கூடாது என்பது நடைமுறை. சொந்தச் சகோதரர்கள் எதிர் எதிராக நின்று சண்டை போட்டு முடித்த நாட்டில் இது பெரிய ஏற்பாடு.

1654 ஜூலையில் நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் வந்தார். தீவிர மன்னர் பக்தர். வில்கின்ஸ் தோட்டத்தில் கண்ணாடித் தேன்கூடுகளைக் காட்டினார். கோட்டை, மாளிகை வடிவத்தில் அடுக்கடுக்காகக் கட்டியவை. தேனீக்களைக் கொல்லாமலே தேன் எடுக்கலாம். காலி கூடு ஒன்றைப் பரிசாகவும் கொடுத்தனுப்பினார். உள்ளே குடைந்த ஒரு சிலையும் இருந்தது: தூரத்தில் மறைந்து நின்று நீளக் குழாய் வழியாகப் பேசினால் சிலை பேசுகிற மாதிரி இருக்கும். வருகிறவர்களை எத்தனை முறை பயமுறுத்தியிருப்பார்களோ. அதற்கு மேல் தூரமானி, வெப்பமானி, காந்தம் என்று அறை நிறைய சாமான். ஹூக் ஒரு பறக்கும் பொறியின் மாதிரியைச் செய்து வில்கின்ஸிடம் காட்டியதும் இந்தக் காலத்தில்தான்.

அதே வருஷம், பல்கலைக்கழகப் படிப்பே வீண் என்று ஜான் வெப்ஸ்டர் என்ற போதகர் எழுதிய தாக்குதலுக்கு வார்டும் வில்கின்ஸும் சேர்ந்து பதில் எழுதினார்கள். இங்கே நகைச்சுவை என்னவென்றால், புதிய அறிவியலைப் பல்கலைக்கழகம் கண்டுகொள்ளவில்லை என்பதும் வெப்ஸ்டரின் குறைகளில் ஒன்று. அதைக் கண்டுகொண்டவர்களே எழுந்து பதில் சொன்னார்கள்.

கல்யாணமும் சரிவும்

1656இல் ராபினாவை மணந்தார். கணவரை இழந்தவர், ஆலிவர் குரோம்வெல்லின் தங்கை. வாடமின் தலைவர் பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும் என்பது கல்லூரி விதி; அதற்கு விலக்கு வாங்கப்பட்டது. உட்டின் குற்றப்பத்திரிகையில் இது நடு வரி. ஆனால் அதே வருஷம் லண்டனில் அவருடைய பிரசங்கத்தைக் கேட்ட ஈவ்லின் குறித்து வைத்திருப்பதைப் பாருங்கள்: நாட்டின் காப்பாளர் என்ற பட்டத்தோடு ஆண்ட குரோம்வெல்லின் தங்கையை மணந்தவர் என்று எழுதிய கையோடு, படித்தவர்களையும் படிப்பிடங்களையும் தரைமட்டமாக்கப் பார்த்த தளபதிகளிடமிருந்தும் சிப்பாய்களிடமிருந்தும் பல்கலைக்கழகங்களைக் காக்க மிகவும் பாடுபட்டவர் என்கிறார். குரோம்வெல்லை வெறுத்த ஒருவர் தன் சொந்த நாட்குறிப்பில் இப்படி எழுதினால், அந்தச் சாட்சிக்கு நான் எடை கொடுப்பேன்.

1659இல் ஆலிவரின் மகன் ரிச்சர்ட் அவரைக் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குத் தலைவராக்கினார். மறு வருஷமே மன்னர் திரும்பினார். வில்கின்ஸை விட்டுவையுங்கள் என்று கல்லூரியின் ஆசிரியர்களே மனுக் கொடுத்தும் பலிக்கவில்லை. அந்த இடம் ஹென்றி ஃபெர்னுக்கென்று செத்துப்போன மன்னர் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார்.

வேலை போன சில மாதங்களில், 1660 நவம்பர் 28 அன்று, லண்டன் கிரெஷாம் கல்லூரியில் ரென்னின் சொற்பொழிவு முடிந்து 12 பேர் ஓர் அறையில் உட்கார்ந்தார்கள். பரிசோதனை அறிவுக்கென்று ஒரு சங்கம் தொடங்கலாம் என்று பேச்சு. மன்னருக்கு நெருக்கமான சர் ராபர்ட் மொரே அங்கே இருந்தார், குரோம்வெல்லின் மருத்துவராக இருந்த கொடார்டும் இருந்தார். தலைமை நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர் வில்கின்ஸ். ராயல் சொசைட்டி அப்படிப் பிறந்தது. அரசாணை கிடைத்தபின் ஹென்றி ஓல்டன்பர்க்கோடு சேர்ந்து அதன் முதல் செயலாளர்களில் ஒருவரானார். வாடம் அறையின் விதியை அப்படியே லண்டனுக்குத் தூக்கி வந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் அவருக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 1662இல் வந்த சட்டம், போதகர்கள் எல்லாரும் வழிபாட்டு நூலை முழுமனதோடு ஏற்பதாகவும், போர்க்காலத்து அந்த நாடாளுமன்ற உடன்படிக்கை தங்களைக் கட்டுப்படுத்தாது என்றும் அறிக்கையிட வேண்டும் என்றது. 1660 முதல் 1662க்குள் ஏறக்குறைய 2000 பேர் சபை வேலையிலிருந்து வெளியேறினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் வில்கின்ஸின் தாத்தாவைப் போன்றவர்கள். வில்கின்ஸ் உள்ளே இருந்தார். லண்டனில் செயின்ட் லாரன்ஸ் ஜூரி கோயில், அடுத்து ரிப்பன் பேராலயத்தின் தலைமை. வயிற்றுப்பாட்டையும் பிள்ளைகுட்டியையும் பார்க்காமல் வெளியே போனவர்களின் முன்னால் நின்று இதற்கு அவர் என்ன சமாதானம் சொல்லியிருப்பார் என்று யோசித்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது.

தீயில் போன புத்தகம்

1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தபோது செயின்ட் லாரன்ஸ் கோயிலும் அவர் வீடும் எரிந்தன. அச்சாகிக்கொண்டிருந்த பெரிய புத்தகத்தில் அதுவரை அச்சான தாள்கள், இரண்டே பிரதி தவிர, சாம்பல். கையெழுத்துப் படியில் பெரும்பகுதியும் போயிற்று. மறுபடி எழுதி 1668இல் வெளியிட்டார்.

உலகத்துக்கெல்லாம் பொதுவான, ஒவ்வொரு குறியும் பொருளையே காட்டுகிற ஒரு மொழியை உண்டாக்குவது அதன் நோக்கம். நம் சூடாமணி நிகண்டு தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று சொற்களைத் தொகுதி பிரித்து அடுக்கியதை நினைத்துக்கொள்ளுங்கள். வில்கின்ஸ் உலகத்தையே 40 பெருவகைகளாக அடுக்கினார், ஆனால் அடுக்கோடு நிற்காமல் அடுக்கிலிருந்தே சொல்லை உண்டாக்கினார். 'டெ' என்றால் நெருப்பு, காற்று போன்ற இயற்கைப் பூதம். 'டெப்' என்றால் பூதங்களில் முதல் பிரிவான நெருப்பு. அதோடு ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து 'டெபா' என்றால் நெருப்பின் முதல் வகையான சுவாலை. சொல்லைக் கேட்டதும் பொருளின் விலாசம் தெரிந்துவிடும்.

செடிகளை வகைப்படுத்திக் கொடுத்தவர் தாவரவியலாளர் ஜான் ரே. இயற்கை காட்டும் வழியில் போகவிடாமல் ஆசிரியர் போட்ட சட்டத்துக்குள் செடிகளைத் திணிக்க வேண்டியிருந்தது என்று அவர் பின்னால் புலம்பினார். நியாயமான புலம்பல்தான். அந்தத் திட்டத்தின் அடிப்படைக் கோளாறே அதுதான். ஆனாலும் புத்தகத்துக்குள் நடக்கிற பக்கக்கதைகள் அபாரம். நோவாவின் பேழையில் எல்லா மிருகமும் கொள்ளுமா என்று கணக்குப் போடுகிறார்: ஊனுண்ணிகளுக்கு ஒரு வருஷத் தீனியாக, ஒரு நாளைக்கு ஐந்து வீதம், 1825 ஆடுகள். இன்னோர் இடத்தில், ஒரு விநாடிக்கு ஒருமுறை ஆடும் ஊசலின் நீளத்தை அடிப்படை அளவாக வைத்து, பத்துப் பத்தாகப் பெருக்கி வகுத்து, கொள்ளளவையும் எடையையும் அதிலிருந்தே கொண்டுவரலாம் என்கிறார். அவர் சொன்ன நீளம் முப்பத்தொன்பதே கால் அங்குலம். இன்றைய மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர்தான் குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் மீட்டரைக் கொண்டுவர இன்னும் 120 வருஷத்துக்கு மேல் இருந்தது.

இதெல்லாம் ஒரு போதகருக்கு எதற்கு? சமர்ப்பணத்தில் பதில் இருக்கிறது. பகட்டான சொற்றொடர்களின் முகமூடிக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் தப்பெண்ணங்களை இந்த மொழி வெளியே இழுத்துப் போடும், மதத்தில் இப்போதுள்ள சில சண்டைகளும் அதனால் தெளியும் என்கிறார். இந்த ஒரு வரியைப் படித்தபிறகு அவருடைய இரண்டு வாழ்க்கையும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது. சொல்லுக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்து வளர்ந்த மனுஷன், சொல்லைச் சரிசெய்யக் கிளம்பினார்.

செஸ்டர்

அந்த 1668 தொடக்கத்தில்தான் அவர் இன்னொரு வேலையிலும் இறங்கியிருந்தார். வெளியே போன பிரஸ்பிட்டேரியன் போதகர்களைத் திருச்சபைக்குள் திரும்பக் கொண்டுவர அவர்களின் தலைவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பாக்ஸ்டர் போன்றவர்களோடு பேச்சுவார்த்தை. பிஷப் கையால் குருப்பட்டம் பெறாதவர்களை என்ன செய்வது என்பது பெரிய முடிச்சு. முன்பு பெற்ற பட்டம் செல்லாது என்று சொல்லவும் கூடாது, செல்லும் என்று சொல்லவும் கூடாது. இங்கிலாந்தில் பிரசங்கிக்க இதோ அதிகாரம் என்ற மாதிரி ஒரு வாசகத்தோடு கை வைத்து அனுமதித்துவிடலாம் என்று இவர் வழி கண்டார். மசோதாவும் தயாரானது. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத வில்கின்ஸ், உதவுவார் என்று நம்பி, அதைப் பழைய நண்பர் சேத் வார்டிடம் சொன்னார். வார்ட் அப்போது சாலிஸ்பரியின் பிஷப். அவர் தன் ஆட்களை முடுக்கிவிட, அப்படியொரு மசோதாவை யாரும் கொண்டுவரவே கூடாது என்று நாடாளுமன்றம் கதவைச் சாத்தியது. திருச்சபைக்கு வெளியே நின்ற மறுப்பாளர் தரப்பு சொல்லும் கதை இது. வாடமில் இடம் கொடுத்து வைத்திருந்தவருக்கு வார்ட் செய்த கைம்மாறு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் வார்டுக்கும் தன் சபையைக் காப்பதாகத்தான் எண்ணம் இருந்திருக்கும்.

அந்த வருஷ நவம்பரில், பக்கிங்காம் பிரபுவின் செல்வாக்கில், வில்கின்ஸ் செஸ்டரின் பிஷப் ஆனார். கேன்டர்பரியின் ஆர்ச்பிஷப்புக்கு அவரைப் பிடிக்காது. யார் அந்த ஆர்ச்பிஷப்? 1648இல் ஆல் சோல்ஸிலிருந்து விரட்டப்பட்ட அதே ஷெல்டன்.

செஸ்டர் லங்காஷயர் முழுவதையும் தாண்டி வடக்கே நீண்ட பரந்த மறைமாவட்டம். வருமானம் குறைவு, அதை ஈடுகட்ட விகன் ஊரின் போதகர் வேலையையும் பிஷப்புக்கே கொடுத்திருந்தார்கள். மறுப்பாளர்கள் நிறைந்த வட்டாரம். சட்டத்தின் வார்த்தைகளுக்கு இளகிய பொருள் சொல்லி, வெளியே நின்றவர்களில் பலரைத் தன் பேச்சாலேயே உள்ளே அழைத்துக்கொண்டார்.

டர்ஹாமின் பிஷப் ஜான் கோசின் இந்த இளக்கத்தைக் குறை சொன்னாராம். வில்கின்ஸ் பதிலுக்கு எடுத்தது பம்பரம். நீங்கள் பம்பரத்தை ஆணி கீழே இருக்கும்படி நிறுத்தப் பார்க்கிறீர்கள், சாட்டையால் அடித்துக்கொண்டே இருக்கிறவரைக்கும்தான் அது நிற்கும். நான் அகலப் பக்கத்தைக் கீழே வைக்கிறேன், அது தானாக நிற்கும்.

1670இல் திருச்சபைக்கு வெளியே வழிபாட்டுக்காகக் கூடும் தனிக்கூட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை இன்னும் கடுமையாக்கி ஒரு மசோதா வந்தது. ஷெல்டனும் வார்டும் அதற்கு ஆதரவு, மன்னரும் அது நிறைவேற வேண்டும் என்றார். வில்கின்ஸ் பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசினார். மன்னர் அவரைத் தனியாக அழைத்து, வேண்டாம் என்றார். மனசாட்சிக்கும் தப்பு, ராஜதந்திரத்துக்கும் தப்பு என்று பதில் வந்தது. சரி, வாக்கெடுப்பு அன்று சபைக்கு வராமலாவது இருங்கள் என்றார் மன்னர். நாட்டின் சட்டமும் தங்கள் தயவும் எனக்கு அங்கே பேசவும் வாக்களிக்கவும் உரிமை கொடுத்திருக்கின்றன, என் கருத்தைச் சொல்ல எனக்குப் பயமும் கிடையாது, வெட்கமும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய் எதிர்த்தே வாக்களித்தார். அந்தக் கால வரலாற்றை எழுதிய கில்பர்ட் பர்னெட் இதைப் பதிவு செய்திருக்கிறார். மசோதா நிறைவேறியது, மன்னர் கோபித்துக்கொள்ளவில்லை.

காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர் என்ற வாதம் என் வரையில் இங்கே உடைகிறது. அல்லது இப்படிச் சொல்லலாம்: 1662இல் குனிந்தவர் 1670இல் நிமிர்ந்தார். அதற்குள் அவருக்கு நாடாளுமன்றத்தில் ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. அந்த நாற்காலிக்காகத்தான் குனிந்தாரா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன்.

முடிவு

1672 நவம்பர் 19. லண்டன் சான்சரி லேனில் ஜான் டில்லட்சனின் வீடு. டில்லட்சன் ராபினாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகளைக் கட்டியவர். இருபது வருஷம் கழித்துக் கேன்டர்பரியின் ஆர்ச்பிஷப் நாற்காலியில் அவர்தான் இருந்தார். சிறுநீர் அடைத்துக்கொண்டு வில்கின்ஸ் அங்கே படுக்கையில் கிடந்தார். பெரிய பரிசோதனைக்குத் தயாராக இருக்கிறேன் என்று சொன்னதாகச் சொல்வார்கள். இறந்தபின் நண்பர்கள் அவர் சொன்ன முறையிலேயே, வெட்டிப் பார்த்து, காரணம் தேடினார்கள். ஒரு சிறுநீரகத்தில் இரண்டு சின்னக் கற்கள், அடைக்கிற அளவுக்கு எதுவும் கிடையாது, கொடுத்த மருந்துகள்தான் கொன்றிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள் என்று ஹூக் தன் குறிப்பில் எழுதினார். உடல் செயின்ட் லாரன்ஸ் ஜூரியில் புதைக்கப்பட்டது. ராயல் சொசைட்டிக்கு 400 பவுண்டு எழுதி வைத்திருந்தார்.

அவர் உண்டாக்கிய மொழியை நிஜமாகவே பயன்படுத்திக் காட்டியதும் ஹூக்தான். 1676இல், தன் பாக்கெட் கடிகாரத்தின் விளக்கத்தை வில்கின்ஸின் குறிகளில் அச்சிட்டார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று உலகத்துக்காகச் செய்த எழுத்தில், எல்லார் கண்முன்னும் வைத்த அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் லண்டனில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.